வேலைக்கு ஆகாத புத்தகம்

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு. மேனேஜர் ஆவுடையப்பன் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. "தினம் என்ன படிச்சேன்னு எழுதி வையும் வெயிலுமுத்து, அப்பத்தான் ஒழுங்கா நடக்கும்" என்று மில் விளம்பரம் போட்ட டைரி ஒன்றையும் கையில் திணித்தார். ஆகஸ்ட் மாதம் டைரி கொடுக்கிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

விஷயம் இதுதான். எங்கள் நூற்பாலைக்கு எட்டயபுரம் ரோட்டில் இரண்டாவது யூனிட் வருகிறது. இரண்டையும் இணைக்கிற கம்ப்யூட்டர் நெட்வொர்க்கை யார் பார்த்துக்கொள்வது என்று முதலாளி கேட்டிருக்கிறார். இந்தக் கோவில்பட்டி மில்லில் பதினாறு வருஷமாகக் கேபிள் இழுத்து, சுவிட்சு மாட்டி, எலி கடித்த வயரையெல்லாம் மாற்றியவன் நான். ஆனால் தீபாவளிக்குள் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வில் பாஸாகிக் காகிதத்தைக் காட்டினால்தான் அந்த வேலை எனக்காம். இல்லையென்றால் மதுரைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு என்னைக் கோன் குடோனுக்கு அனுப்பிவிடுவார்களாம். நூல் சுற்றிய கோன்களை எண்ணி மூட்டை கட்டுகிற இடம். நானா? கோனையா?

போன வருஷம் இதே தேர்வை எழுதி நான் தவறியது ஊருக்கே தெரியும். ஏன் தவறினேன் என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியாது. புத்தகம் சரியில்லை. அவ்வளவுதான். இந்தத் தடவை சரியான கைடைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

செண்பகத்திடம் சொன்னேன். என் மனைவி. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள், அந்தக் கணக்கை இப்போது பால்காரரிடம் மட்டும்தான் காட்டுகிறாள். "அப்ப நாளைக்கே படிக்க ஆரம்பிச்சிருங்க" என்றாள். புத்தகமே வாங்காமல் எப்படிப் படிப்பதாம்? இவளுக்கு எதிலும் அவசரம்.

ஆகஸ்ட் 20, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சுப்பாராஜ் புத்தகக் கடை. பத்தாம் வகுப்பு கைடு, போலீஸ் தேர்வு கைடு, பஞ்சாங்கம் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். "நெட்வொர்க் தேர்வுக்கு நல்ல கைடாக் குடும் அண்ணாச்சி" என்றேன்.

"எப்பேர்ப்பட்டது வேணும்?"

"இருக்கதுலயே பெரிசு."

கொடுத்தார். வாங்கும்போது தோள்பட்டை மளுக்கென்றது. இதுவல்லவா புத்தகம்! போன வருஷம் வாங்கினது இதில் பாதிகூட இருக்காது. பின்னே எப்படிப் பாஸாவது?

கிளம்பும்போது ஒல்லியாக ஒரு கைடையும் மேலே வைத்தார். திருநெல்வேலியில் யாரோ ஒரு வாத்தியார் எழுதியதாம். "விக்காமக் கெடக்கு, சும்மா கொண்டு போங்க" என்றார். சேலை எடுத்தால் கர்ச்சீப் கொடுக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து நாலு பக்கம் புரட்டினேன். மங்கல் அச்சு. படம் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் 'நீங்களே போட்டுப் பாருங்கள்' என்று கணக்கு. வாத்தியாருக்கே விடை தெரியாது போலிருக்கிறது, என்னைப் போடச் சொல்கிறார். முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'வேலைக்கு ஆகாது. வெ.' என்று எழுதி ஓரமாகப் போட்டேன். புத்தகங்களுக்கு இப்படி மதிப்பு எழுதி வைப்பது என் வழக்கம்.

ஆகஸ்ட் 23, சனி

பெரிய புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். சாயங்காலம் முழுக்க ஆகிவிட்டது. நல்ல களைப்பு. இதுவும் படிப்பில் சேர்த்திதானே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆட்டுக்கறி எடுத்தேன். சாப்பிட்ட பிறகு படிக்கக் கூடாது என்பார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

படுத்துக்கொண்டு படிக்கலாமென்று பெரிய புத்தகத்தை நெஞ்சில் வைத்தேன். மூச்சு முட்டுகிறது. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகிறது. எப்படியோ முன்னுரையை முடித்துவிட்டேன். புத்தகம் எழுதியவர் தன் மனைவிக்கு நன்றி சொல்லியிருக்கிறார். தோளுக்குப் பின்னால் நின்று செண்பகமும் அதை வாசித்தாள். "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு ஏதோ உறைத்த மாதிரி இருந்தது. எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இருதயராஜ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். மில்லில் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன். சின்ன வயசு, பெரிய வாய். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பழைய பதிப்புல்லா? பாடத்திட்டத்தையே மாத்திட்டாங்க" என்றான்.

பின்னட்டையைத் திருப்பி வருஷத்தைப் பார்த்தேன், உண்மைதான். பிறகு யோசித்தால் நல்லதுதான். நான் பாட்டுக்கு முதல் பாடத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தால் எவ்வளவு உழைப்பு வீணாகியிருக்கும்! அவசரப்படாமல் இருந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று செண்பகத்திடம் சொன்னேன். "ஆமாமா" என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

நீல அட்டை, இரண்டு பாகம், புதுப் பதிப்பு. சுப்பாராஜ் சிவகாசியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். ஒரு சிக்கல்: ஒரு பாகத்தில் 'முதலில் இதைப் படிக்கவும்' என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 'தொடங்கும் முன்' என்று இருக்கிறது. எதை முதலில் எடுப்பது? தப்பான பாகத்தில் ஆரம்பித்தால் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும். இது பற்றி இன்னும் ஆலோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

மேனேஜர் பக்கத்திலேயே நின்று கம்ப்யூட்டரில் தேர்வுத் தேதி பதிய வைத்துவிட்டார். அக்டோபர் 14, மதுரை. அடேயப்பா, எவ்வளவு நாள் இருக்கிறது!

மில்லில் என் மவுசு கூடியிருக்கிறது. கைடு விஷயத்தில் என்னைக் கேட்காமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. அக்கவுண்ட்ஸில் ஒருத்தர் தன் மகளின் நீட் தேர்வுக்குக்கூட என்னிடம்தான் கேட்டார். தாளின் தரம், பொருளடக்கத்தின் நீளம், அட்டை மடங்குமா மடங்காதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். இருதயராஜும் தேர்வு எழுதப் போகிறானாம். நீல அட்டைதான் என்று அடித்துச் சொன்னேன். "அண்ணே, நீங்க எத்தனாவது பாடத்துல இருக்கீங்க?" என்று கேட்டான். அவனுக்கு மரியாதை தெரியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். நகராட்சிக்காரர்கள் வாசல் கேட்டுக்கு ஒரு நம்பர், மோட்டார் ரூமுக்கு ஒரு நம்பர் என்று மொத்தம் எட்டுத் தகடு அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டில்தான் முதல் நம்பர், மோட்டார் ரூமில் கடைசி நம்பர். கூறுகெட்டவர்கள்.

இன்று எதிர்வீட்டு ராஜேஸ்வரி அக்கா வீட்டில் இன்டர்நெட் வரவில்லை. நான் ஏணி போட்டு ஏறிக் கேபிளைத் தடவிக்கொண்டிருந்தேன். செண்பகம் உள்ளே போய் எதையோ அமுக்கினாள். "ரெண்டு மிஷினுக்கு ஒரே நம்பரு விழுந்திருக்கு, அதான் சண்டை. மாத்திட்டேன்" என்றாள். இன்டர்நெட் வந்துவிட்டது. எதையாவது அணைத்துப் போட்டிருப்பாள். அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகும்; இது ஊருக்கே தெரிந்த வித்தை. நான் மேலே கேபிளைத் தடவியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 13, சனி

வீடியோவும் சேர்ந்து வருகிற கைடு ஒன்று வாங்கினேன். வீடியோவில் பேசுகிறவருக்கு என்னைவிட வயசு கம்மி. பிடிக்கவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் செண்பகம் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு, கோட்டால் இணைத்து வைத்திருந்தாள். மார்கழிக் கோலத்துக்கு இப்போதே பழகுகிறாள். புள்ளி வரிசை சரியில்லை என்று சொன்னேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். சாம்பார் அடிப்பிடித்திருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஏமாற்றிவிட்டான்! வேறு எதையோ தேடும்போது அந்த ஒல்லிப் புத்தகம் கண்ணில் பட்டது. எடுத்துப் பிரித்தால் பக்கம் பக்கமாகப் பென்சில் கோடு. ஓரத்தில் கணக்கு. அறுபதாம் பக்கத்தில் மஞ்சள் கறை. பழைய புத்தகத்தைப் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார் சுப்பாராஜ். நேரே கடைக்குப் போனேன்.

"இது யாரோ படிச்ச புத்தகம் ஓய்! முன்னாடி வச்சிருந்தவன் கிறுக்கித் தள்ளியிருக்கான்."

"ஓசியில குடுத்த புத்தகத்துக்கு இப்படி ஒரு சண்டையா அண்ணாச்சி? சத்தியமா புதுசுதான்."

"அப்ப இந்தக் கணக்கெல்லாம் பேயா போட்டுச்சு?"

சுப்பாராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "யாரோ தெரியல, ஆனா எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு" என்றார். வாடிக்கையாளர் முன்னால் பேச்சை மாற்றுவது அவர் குணம். அவர் கடையில் இனி கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில் இன்னொரு கடையில் கேள்வி மட்டுமே உள்ள கைடு ஒன்று வாங்கினேன். பதில் தனியாக வாங்க வேண்டுமாம்.

செண்பகத்திடம் ஆத்திரம் தீரச் சொன்னேன். அவள் ஒல்லிப் புத்தகத்தைக் கையிலிருந்து வாங்கி, "விடுங்க, கெடக்கட்டும்" என்று உள்ளே கொண்டுபோனாள்.

செப்டம்பர் 27, சனி

மதுரைக் கம்பெனி ஆட்கள் இருவர் வந்து என் சர்வர் அறையை அளந்துகொண்டு போனார்கள். டேப்பை என் நாற்காலி மேல் வைத்து இழுத்தார்கள். நான் அதில் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்சம் எந்திரிங்க சார்" என்றார்கள், எழுந்தேன்.

சர்வர் அறைச் சுவரில் ஒரு பழைய தாள் ஒட்டியிருக்கிறது. எந்த மிஷினுக்கு எந்த நம்பர் என்று எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி ஒட்டியது. இத்தனை வருஷமும் அதைப் பார்த்துத்தான் நம்பர் கொடுத்து வருகிறேன். அளக்க வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, "இதை யார் பிரிச்சது, எப்படிப் பிரிச்சாங்க?" என்று கேட்டான். அவசரமாக போன் வந்த மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கினேன். பிறகு நிற வரிசையில். சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு விடுமுறை என்பதால் மில்லில் இன்றே ஆயுத பூஜை. நூற்பு மிஷினுக்கு மாலை, சர்வருக்குச் சந்தனம், ரூட்டருக்குக் குங்குமம். இருதயராஜ் உற்சாகத்தில் கேபிள் செருகுகிற சுவிட்சுப் பெட்டியின் ஓட்டைக்குள் திருநீறு போட்டுவிட்டான். ஊதி ஊதி எடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இன்று நிம்மதி. நாளை சரஸ்வதி பூஜை. புத்தகத்தையெல்லாம் சாமி முன்னால் வைத்துவிட்டால் தொடக் கூடாது. யாரும் வந்து "படிச்சியா" என்று கேட்க முடியாது.

அக்டோபர் 1, புதன்

பெரிசு, நீல அட்டை இரண்டு, வீடியோ கைடு, கேள்வி கைடு எல்லாவற்றையும் பலகையில் அடுக்கி, மேலே வெள்ளைத் துண்டு போர்த்தி, பூ வைத்தேன். பார்க்கவே கண்கொள்ளவில்லை. ஒல்லிப் புத்தகத்தை மட்டும் காணோம். வேலைக்கு ஆகாததுதான், ஆனாலும் சாமிக்கு வஞ்சனை செய்யலாமா? பீரோவில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். செண்பகத்தைக் கேட்கலாமென்றால் அவளையும் காணோம். சுண்டலுக்குக் கடலை வெந்துகொண்டிருந்தது.

பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒல்லிப் புத்தகம். கையில் பென்சில். உதடு மட்டும் அசைந்தது, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

"என்ன செய்யுத?"

"படிக்கேன்."

"கூறு இருக்கா உனக்கு? சரஸ்வதி பூஜை அன்னைக்குப் புத்தகத்தைத் தொடலாமா?"

"சாமிகிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். அங்க அஞ்சு புத்தகம் இருக்குல்லா, ஒண்ணுகூடக் கசங்காம. சாமிக்கு அது போதும்."

"உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு?"

"வீட்டுல யாராவது ஒருத்தராவது படிக்கணும்லா."

எனக்கு வந்த கோபத்தில் கத்திக்கொண்டே புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தேன். ராஜேஸ்வரி அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, பண்டிகை நாள் என்பதால் மூடிக்கொண்டாள்.

"அப்ப இந்தப் பென்சில் கோடு?"

"நான்தான்."

"மஞ்சள்?"

"பொடி இடிக்கும்போது பட்டிருக்கும்."

"காலண்டர் தாள்ல கோலம் போட்டியே?"

"எது, அதுவா? அது உங்க மில்லு நெட்வொர்க்கு. நீங்க சாப்பிடும்போது சொல்லுவீங்கல்லா, அங்க ஒரு பெட்டி இங்க ஒரு பெட்டின்னு, அதை வச்சுப் போட்டேன்."

புள்ளி வரிசை சரியில்லை என்று சொன்னேனே என்று நினைத்தபோது காது சூடானது. சுப்பாராஜிடம் போட்ட சண்டை வேறு ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு நேரா படிக்க வராது" என்றாள், சாதாரணமாக, சட்டை அளவு சொல்கிற மாதிரி. "ஆனா யாராவது வாயால சொன்னா அப்படியே புடிச்சுக்கிடுவீங்க. சினிமாக் கதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமச் சொல்லுவீங்கல்லா? அதான் நான் படிச்சு வச்சிட்டு, அப்புறமா உங்களுக்குச் சொல்லலாம்னு. இதுக்கு மேல ஒரு நாளையும் விட முடியாது, பாத்துக்கிடுங்க."

"போன வருசம் புத்தகம் சரியா இருந்திருந்தா..."

"அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பாத்தேன். பாதிப் பக்கம் இன்னும் வெட்டாம ஒட்டிக்கிட்டு இருக்கு."

நான் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குப் பயமா இருக்கு செண்பகம்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "புத்தகத்தைத் திறந்தா, எல்லாரும் எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்க எல்லாமே எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சு போயிருது."

"தெரியும்" என்றாள். "கடலை குழஞ்சிரும், வாங்க."

எனக்குக் கண் எரிந்தது. பூஜைக்குப் போட்ட சாம்பிராணிப் புகை பின்பக்கம் வரை வருகிறது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பாடம் ஆரம்பம். மற்ற புத்தகங்கள் பலகையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

நெட்வொர்க் நம்பர்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிக்கிற கணக்கு. சர்வர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பற்றி அளக்க வந்தவன் கேட்டானே, அதுதான். இத்தனை வருஷமாக மண்டையில் ஏறாத ஒன்று. எட்டு நம்பர் உள்ள கூட்டத்தில் மிஷினுக்குக் கொடுக்க ஆறுதான் மிஞ்சும் என்கிறார்கள். மீதி இரண்டை யார் தின்றது என்பது என் நெடுநாள் கேள்வி.

செண்பகம் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நம்ம காம்பவுண்டுல எத்தனை நம்பர்?"

"எட்டு."

"எத்தனை வீடு?"

"ஆறு."

"மொத நம்பர் எங்க?"

"கேட்டுல."

"அது காம்பவுண்டோட பேரு. அதுல யாரும் குடியிருக்க முடியாது. கடைசி நம்பர்?"

"மோட்டார் ரூம்ல."

"அங்க நின்னு ராஜேஸ்வரி அக்கா தண்ணி வந்துருச்சுன்னு கத்துனா என்ன ஆகும்?"

"எல்லா வீட்டுக்கும் கேக்கும்."

"அவ்வளவுதான். அது எல்லாருக்கும் சேத்துச் சொல்லுத நம்பர். அதுலயும் யாரும் குடியிருக்க முடியாது."

நான் கேட்டைப் பார்த்தேன். மோட்டார் ரூமைப் பார்த்தேன். நகராட்சிக்காரர்களைக் கூறுகெட்டவர்கள் என்று எழுதியதை அடித்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. நான்கு பாடம் முடிந்தது. தப்பாகச் சொன்னால் பென்சிலால் முட்டியில் தட்டுகிறாள். பி.எஸ்ஸி.யில் தங்க மெடல் வாங்கியிருக்க வேண்டியது, கடைசிப் பரீட்சை அன்று பெண் பார்க்க வந்துவிட்டார்கள் என்று இன்றுதான் சொன்னாள். பெண் பார்க்க வந்தது நாங்கள்தான். நான் அன்றைக்கு மூன்று கேசரி சாப்பிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

சுப்பாராஜ் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப முன்னாடி வச்சிருந்தவன் யாருன்னு தெரிஞ்சுச்சா?" என்றார். தெரிந்தது என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. பெரிய மனுஷன்.

அக்டோபர் 11, சனி

சர்வர் அறைத் தாளைக் கிழித்துவிட்டு, நானே கணக்குப் போட்டு எழுதிப் புதுத் தாள் ஒட்டினேன். எல்லா மிஷினும் ஓடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. பத்துத் தடவை எட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மதுரை. செண்பகமும் கூட வந்தாள். மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போக வேண்டுமாம். கோவில் ஒரு பக்கம் இருக்க, தேர்வு நடக்கிற கட்டடத்துக்கு எதிரே ஜிகர்தண்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மாடி ஜன்னலிலிருந்து அவள் தலைப் பூ தெரிந்தது.

கேள்வி ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் ஒரு கேள்வி: நம்பர் கூட்டத்தின் கடைசி நம்பரை ஏன் மிஷினுக்குக் கொடுக்கக் கூடாது? என்னையறியாமல் "தண்ணி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டேன். கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "சார், பேசக் கூடாது. தண்ணி வேணும்னா வெளிய இருக்கு." தலையாட்டினேன். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.

முடித்ததும் திரையிலேயே முடிவு வந்துவிடுகிறது. பாஸ். இரண்டு தடவை கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அந்தக் குளிர்சாதன அறையில் சாம்பிராணிப் புகை எதுவும் இல்லை. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன்.

மதிப்பெண் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிப்பிடிக்காத குறை எனக்கு. அவள் தாளை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, "மூணாம் பாடத்துல கொறஞ்சிருக்கே, நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றாள். பிறகு இன்னொரு ஜிகர்தண்டா சொன்னாள். அது வருகிற வரைக்கும் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவேயில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, என் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது யூனிட் என் பொறுப்பு. மதுரைக் கம்பெனிக்கு வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. கைதட்டல். அப்புறம் கேட்டார், நான் எதிர்பார்த்த கேள்வி: "அப்படி எந்தக் கைடைப் படிச்சீரு வெயிலுமுத்து?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருதயராஜ் பேனாவைத் திறந்துவிட்டான். நீல அட்டை, இரண்டு பாகம் என்று சொல்ல பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். இத்தனை நாள் கட்டிக் காத்த பெயர். சொல்லியிருந்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"எந்தக் கைடும் படிக்கல சார்" என்றேன். "எங்க வீட்டுல சொல்லிக் குடுத்தாங்க. செண்பகம். அவங்கதான் படிச்சது எல்லாம்."

எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. "அதானே பாத்தேன்" என்றார் மேனேஜர். அது கொஞ்சம் அதிகம்.

கூட்டம் கலைந்ததும் இருதயராஜ் பின்னாலேயே வந்தான். "அண்ணே, நீல அட்டை ஒண்ணும் ஏறமாட்டேங்கு. அண்ணி எனக்கும் சொல்லிக் குடுப்பாங்களா?"

அக்டோபர் 18, சனி

அண்ணி சம்மதித்துவிட்டாள். அதோடு ஒரு செய்தியும் சொன்னாள். டிசம்பரில் அவளும் தேர்வு எழுதப் போகிறாளாம். மதுரையில் நான் மேலே இருந்தபோது அலுவலகத்தில் விசாரித்துத் தேதி வாங்கிவிட்டாளாம். "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பட்டாசு வாங்கப் போனேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பெரிய புத்தகத்தைத் தரையில் போட்டு, அதன் மேல் சங்கு சக்கரம் விட்டேன்; மேடை மாதிரி வாகாக இருந்தது.

நவம்பர் 1, சனி

சாயங்காலம் முதல் வகுப்பு. இருதயராஜ், அக்கவுண்ட்ஸில் இரண்டு பேர், ராஜேஸ்வரி அக்காவின் மருமகள். நாற்காலி போதவில்லை, நான்தான் வீடு வீடாகப் போய் வாங்கி வந்து போட்டேன். செண்பகம் ஒல்லிப் புத்தகத்தை நடுவில் வைத்து, எல்லோரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னாள்.

இருதயராஜ் முதல் பக்கத்தைத் திறந்ததும் நின்றுவிட்டான். "அண்ணி, இங்க செவப்பு மையில வேலைக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கு. யாரு எழுதுனது?"

நான் கடைசி நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன். செண்பகம் என் பக்கம் திரும்பவே இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்:

"அதுவா? முன்னாடி வச்சிருந்தவரு எழுதுனது. அவருக்குப் புத்தகம் வாங்கத் தெரியும், படிக்கத்தான் தெரியாது."

நான் எல்லோருக்கும் டீ போட உள்ளே போனேன்.